மலையில் ஃபிளாட் வாங்கலாமா? சென்னைக்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் இருந்துகொண்டு குன்னூர்ப் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை வாங்கி ஏழு வருடம் ஆகிறது. கத்திரி வெயில் ஆரம்பித்தால் போதும், சொந்தக்காரர்கள், பழைய ஆபீஸ் நண்பர்கள், காலையில் பூங்காவில் நடக்க வருபவர்கள் என்று யாராவது ஒருவர் "சார், ஊட்டிப் பக்கம் ஒரு வீடு பார்க்கிறோம்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, தரகரும் இல்லை. வாங்கிப் பட்டவன், அவ்வளவுதான்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். வாங்கலாமா, வேண்டாமா?

ஒரே வார்த்தையில் முடியாது. ஆனால் ஒரு கணக்கு போடலாம். ஃபிளாட் விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதே பணத்தை வங்கியில் 6.5 சதவீதத்துக்குப் போட்டால் வருடத்துக்கு 3.9 லட்சம் வட்டி. நீங்கள் வருடத்தில் 15 நாள் போய்த் தங்கினால் ஒரு நாளைக்கு 26,000 ரூபாய் ஆகிறது. பராமரிப்புச் செலவு, வீட்டு வரி எல்லாம் தனி. அந்தக் காசுக்கு ஊட்டியிலேயே பெரிய ஓட்டலில் ராஜா மாதிரி இருந்துவிட்டு வரலாம்.

நாங்கள் முதல் வருடம் 40 நாள் போனோம். மூன்றாவது வருடம் 12 நாள். பேரன் பிறந்த வருடம் ஒரே ஒரு தடவை, அதுவும் குழாய் ரிப்பேருக்காக. வருடத்தில் இரண்டு மூன்று மாதமாவது அங்கே இருப்பீர்கள் என்றால் வாங்குங்கள். ஆசைக்காக வாங்குகிறேன் என்றால் அதுவும் சரிதான், ஆனால் அதற்கு முதலீடு என்று பெயர் வைக்காதீர்கள்.

எந்த மலை நல்லது?

தூரத்தை வைத்து முதலில் பிரியுங்கள். ஏலகிரி சென்னையிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர். ஜோலார்பேட்டை வரை ரயில், அப்புறம் 14 கொண்டை ஊசி வளைவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்துக் கிளம்பக்கூடிய ஒரே மலை அதுதான். ஆனால் உயரம் ஏறக்குறைய 1,100 மீட்டர். மே மாதத்தில் மின்விசிறி ஓட வேண்டும், ஸ்வெட்டர் பெட்டியிலேயே இருக்கும். ஏற்காடு 1,500 மீட்டர், சேலம் வரை ரயில் வசதி ஏராளம். காப்பித் தோட்ட நிழல், ஓரளவு குளிர், நடுத்தரமான கூட்டம். என்னைக் கேட்டால் அதிகம் பேர் யோசிக்காமல் தாண்டிப்போகும் நல்ல இடம் ஏற்காடுதான்.

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், கொடைக்கானல் 2,100 சொச்சம். இரண்டுக்குமே சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். காரில் போனால் ஒரு நாள் போய்விடும். சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையம். எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் கொடைக்கானல் ரோடு, அங்கிருந்து மலை ஏற இன்னும் 80 கிலோமீட்டர். வயதானவர்களுக்கு ஊட்டிக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளமான இடங்களில் உறைபனி விழும். குன்னூரும் கோத்தகிரியும் கொஞ்சம் கீழே, 1,800 மீட்டர் வாக்கில் இருப்பதால் குளிரும் வெயிலும் அளவாக இருக்கும். நான் குன்னூரைத் தேர்ந்தெடுத்த காரணம் அது. மனைவி சொல்லும் காரணம் வேறு: ஸ்டேஷனில் இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டில் காப்பி போட்டுவிடலாம்.

எப்போது போய்ப் பார்க்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். எல்லாரும் மே மாதத்தில் போய்ப் பார்க்கிறார்கள். சென்னையில் 40 டிகிரியில் வெந்துவிட்டு மேலே ஏறிக் காற்று முகத்தில் பட்டதும் மாட்டுத் தொழுவத்தைக் காட்டினால்கூட அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். நானும் மே மாதத்தில்தான் கொடுத்தேன்.

குறைந்தது இரண்டு தடவை போங்கள். ஒன்று, ஐப்பசி கார்த்திகையில், அதாவது நவம்பரில். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும் நேரம் அது. எந்தச் சுவர் ஊறுகிறது, எந்த ரோடு அரித்துப்போகிறது, மின்சாரம் எத்தனை மணி நேரம் போகிறது என்பதெல்லாம் யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும். இன்னொன்று, மார்ச்சில். அது தண்ணீரைப் பார்ப்பதற்கு. ஊட்டிக்கு மேற்கே கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் என்றால் ஜூலையிலும் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். அங்கே தென்மேற்குப் பருவமழைதான் பெரிய மழை.

தண்ணீர் அவ்வளவு பெரிய பிரச்சினையா? மலையில் மழைதான் கொட்டுகிறதே?

மழை கொட்டும், அப்படியே சரிவில் ஓடிக் கீழே போய்விடும். பவானியில் தண்ணீர் ஓடும், உங்கள் குழாயில் வராது. குன்னூர் நகரமே ரேலியா அணையை நம்பி வெகுகாலம் திண்டாடிய ஊர். கோடையில் பல நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது அங்கே புதிய செய்தியே இல்லை.

எங்களுக்கு வீட்டைக் காட்டியவர் பின்பக்கம் ஒரு ஊற்றைக் காட்டினார். கோடை மழை இரண்டு பெய்திருந்த நேரம். பளிங்கு மாதிரி தண்ணீர். "சார், இது வற்றாது" என்றார். அடுத்த பிப்ரவரியில் வற்றியது. லாரித் தண்ணீர் சொல்லலாம் என்றால் கடைசி 200 மீட்டர் ஏற்றத்தில் லாரி ஏறவில்லை. சின்ன வண்டியில் டேங்க் வைத்து நாலு நடை அடித்தார்கள், நாலு நடைக்கும் காசு. அன்றைக்குத்தான் தெரிந்தது, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார். நான் சொன்னபோது சிரித்துக்கொண்டே, "சிவராத்திரி வரைக்கும்தான் சார் அது ஓடும்" என்றார்.

கேட்க வேண்டியவை இவை. நகராட்சி அல்லது ஊராட்சி இணைப்பு இருக்கிறதா, அந்த இணைப்பு யார் பெயரில். தரையடித் தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை வீட்டுக்கு. மழைநீரைக் கூரையிலிருந்து தொட்டிக்கு இறக்கியிருக்கிறார்களா. பிறகு போர் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீலகிரியில் அது சென்னை மாதிரி நினைத்த மாத்திரத்தில் நடக்கிற காரியமில்லை.

நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி காட்டுகிறார்கள். நல்ல வியூ. எடுக்கலாமா?

முதலில் அந்த நாலு மாடிக்கு அனுமதி எப்படி வந்தது என்று கேளுங்கள். மலைப்பகுதிக் கட்டட விதிகள் 1993-லிருந்து இருக்கின்றன. நீலகிரியில் வெகுகாலமாகக் கட்டட உயரம் 7 மீட்டர்தான், அதாவது தரைத்தளமும் ஒரு மாடியும். அதற்கு முன்னாலேயே 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. ஹாக்கா என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அதன் கீழ் வரும் கிராமங்களில் நிலத்தைப் பிரிப்பதற்கும் கட்டுவதற்கும் உள்ளாட்சி ஒப்புதலுக்கு மேல் இன்னொரு படி உண்டு.

சரிவில் ஒரு வேலை நடக்கும். ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி, பள்ளத்தாக்குக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் ஐந்து மாடி. ரோட்டு மட்டத்துக்குக் கீழே தோண்டிக்கொண்டே போயிருப்பார்கள். ஆகவே கட்டடத்தை எதிர் மலையிலிருந்து ஒரு தடவை பாருங்கள். ஒப்புதல் வரைபடத்தை வாங்கி மாடியை எண்ணுங்கள். கொடைக்கானலில் 7 மாடி ஓட்டல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995-இல் விதி மீறிய மாடிகளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பின்னும் அங்கே அனுமதியில்லாத கட்டடங்களுக்குச் சீல் வைப்பது நின்றபாடில்லை. அதிகாரி வைக்கும் சீலில் கட்டியவர் வீடு, வாங்கியவர் வீடு என்ற பேதம் கிடையாது.

இன்னொரு குறுக்கு வழிச் சோதனை: யுடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு. ஒரு மாடிதான் கட்ட முடியும் என்னும் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்னையைவிட நிறைய நிலம் வர வேண்டும். 1,000 சதுர அடி வீட்டுக்கு 250 சதுர அடிதான் நிலம் என்று பத்திரம் சொன்னால், அந்த மனையில் எத்தனை வீடு அடுக்கியிருக்கிறார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ரெரா பதிவு இருந்தால் போதும்தானே?

இருந்தால் நல்லது. ரெரா என்பது வீடு கட்டி விற்பவர்களைக் கண்காணிக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். பதிவு எண்ணை வாங்கித் தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டுப் பாருங்கள். ஒப்புதல் வரைபடம், வீடுகளின் எண்ணிக்கை, முடிக்க வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டடத்துக்கே செலவு செய்ய வேண்டும் என்பது சட்டம். கட்டமைப்பில் குறை வந்தால் ஐந்து வருடம் வரை கட்டியவர் பொறுப்பு.

சிக்கல் என்னவென்றால், நிலம் 500 சதுர மீட்டருக்குள், ஏறக்குறைய 12 சென்டுக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போகாவிட்டாலோ ரெரா பதிவே தேவையில்லை. மலையில் பெரும்பாலான ஃபிளாட்டுகள் ஆறு வீடு, எட்டு வீடு கொண்டவைதான். எட்டோடு நிறுத்துவது தற்செயல் என்று நினைக்க வேண்டாம். அப்படிப்பட்ட இடத்தில் கட்டி முடித்து, ஆள் குடிவந்து, ஒரு மழைக்காலம் பார்த்த வீட்டை மட்டும் வாங்குங்கள்.

என்னென்ன பத்திரம் பார்க்க வேண்டும்?

தாய்ப் பத்திரம், பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று, கட்டட ஒப்புதல், நிறைவுச் சான்று, வீட்டு வரி ரசீது. இதெல்லாம் சென்னையிலும் பார்ப்பதுதான். வில்லங்கத்தைப் பதிவுத் துறைத் தளத்தில் 1975 முதல் காசில்லாமலே பார்க்கலாம், முதலில் அதை நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மலைக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியவை வேறு. தனியார் பெயரில் பட்டா இருந்தாலும் 1949-ஆம் வருடத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் நிலமாக இருக்கலாம். அப்படியானால் விற்பதற்கே அனுமதி வேண்டும். ஒருவர் இவ்வளவு நிலம்தான் வைத்துக்கொள்ளலாம் என்னும் நில உச்சவரம்பிலிருந்து தேயிலை, காப்பித் தோட்டங்கள் விலக்குப் பெற்றது தோட்டமாக இருப்பதற்காக. அதைத் துண்டு போட்டுக் கட்டடம் கட்டினால் அந்த விலக்கு என்ன ஆகிறது என்பதை வக்கீல் பார்த்துச் சொல்ல வேண்டும். கூடலூர்ப் பக்கம் என்றால் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969, அதில் 17-ஆம் பிரிவு நிலம், அதாவது பழைய ஜென்மிகள் (பரம்பரை நில உடைமையாளர்கள்) தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்ட நிலம். அரை நூற்றாண்டாகத் தீராத வழக்கு. மலிவு என்று சொன்னாலும் தொடாதீர்கள். மசினகுடி, சீகூர்ப் பக்கம் யானை வழித்தடம் என்று அரசு அறிவித்த இடம். உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் அந்த அறிவிப்பைச் செல்லும் என்று சொல்லிவிட்டது.

வக்கீல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மாம்பலத்து வக்கீலுக்கு உச்சவரம்பும் ஹாக்காவும் புத்தகத்தில்தான் தெரியும். அந்த ஊர் நீதிமன்றத்தில் இருப்பவர் ஒருவரை வையுங்கள். விற்பவர் அறிமுகப்படுத்தும் வக்கீல் மட்டும் வேண்டாம்.

பதிவுச் செலவு எவ்வளவு ஆகும்?

புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் 1 முதல் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்தே பதிய வேண்டும். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். அதற்கும் மேலே 9. மறுவிற்பனை வீட்டுக்கு 7-ம் 2-ம் சேர்த்து 9. 60 லட்சம் வீடு புதிது என்றால் 4.2 லட்சம், பழையது என்றால் 5.4 லட்சம். நிறைவுச் சான்று வாங்குவதற்கு முன் வாங்கினால் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. முடிந்த கட்டடத்துக்கு அது கிடையாது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதத்தை டிடிஎஸ்ஸாக, அதாவது விற்பவர் கணக்கில் வருமான வரியாக, பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிற உங்கள் வேலை. பலர் இதை மறந்துவிட்டு அப்புறம் நோட்டீஸோடு ஆடிட்டரிடம் ஓடுகிறார்கள்.

இரண்டாவது வீட்டுக்கு வருமான வரி உண்டா?

சொந்த உபயோகத்துக்கு இரண்டு வீடு வரை வாடகை வருமானம் என்று கணக்குக் காட்டத் தேவையில்லை. சென்னையில் ஒன்று, மலையில் ஒன்று என்றால் சிக்கல் இல்லை. கடன் வட்டிக் கழிவு பழைய வரி முறையில் இரண்டுக்கும் சேர்த்தே 2 லட்சம். புதிய முறையில் சொந்த உபயோக வீட்டுக்கு ஒன்றும் கிடையாது.

நிலச்சரிவு வருமா? பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெய்த மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2018-இல் கஜா புயல் கடலோரத்தோடு நிற்காமல் கொடைக்கானல் வரை ஏறி மரங்களையும் ரோட்டையும் சாய்த்தது. மலையின் மேல்மண் பாறை மக்கிய ஆழமான மண். தண்ணீர் உள்ளே இறங்க இறங்கக் கனம் கூடிப் பிடிப்பு விட்டுப்போகும். அதற்குக் கீழே வீட்டுக்காகச் செங்குத்தாக வெட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். பொக்லைன் ஓட்டுவதற்கே அங்கே அனுமதி தேவை என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முன்பக்கப் பால்கனியோடு திரும்பிவிடுகிறார்கள். தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, மழையன்று அதில் தண்ணீர் வருகிறதா. வராமல் சுவர் வயிறு தள்ளியிருந்தால் தண்ணீர் உள்ளே நிற்கிறது. மேல் சரிவில் மரங்கள் அடியில் வளைந்து நிற்கின்றனவா, நின்றால் மண் மெல்ல நகர்கிறது. ஓடை ஒன்று ஓடிய இடத்தில் கட்டியிருக்கிறார்களா என்பதைப் பழைய புலப்படம் சொல்லும், இல்லாவிட்டால் ஊர்ப் பெரியவர் சொல்வார்.

எந்தத் திசை, எந்தத் தளம்?

வாஸ்து பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சென்னையில் வெயிலுக்குப் பயந்து வீடு பார்த்த பழக்கத்தை மலையில் அப்படியே தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். கிழக்கிலும் தெற்கிலும் ஜன்னல் இருந்தால் வெயில் உள்ளே வரும், துணி காயும், சுவர் காயும். வடக்குச் சரிவில், பின்னால் மலை மறைக்கும் வீட்டில் மார்கழி முழுக்கக் குகைக்குள் இருப்பது போல இருக்கும். ரோட்டு மட்டத்துக்குக் கீழே உள்ள தளம் மலிவாகக் கிடைக்கும், பின்சுவர் மண்ணோடு ஒட்டியிருக்கும், பூசணம் இலவசம்.

இ-பாஸ் வீடு வைத்திருப்பவர்களுக்கும் உண்டா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகளுக்கு இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் உச்சவரம்பும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வீடு உங்களுடையதாக இருந்தாலும் வண்டி எண் சென்னை எண் என்றால் பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்புவதே நல்லது. பேருந்துக்கும் ரயிலுக்கும் இந்தத் தொல்லை இல்லை. நாங்கள் மே மாதத்தில் காரை எடுப்பதையே விட்டுவிட்டோம்.

நாங்கள் போகாத நாளில் ஹோம்ஸ்டேவாக விட்டால் தவணை கட்டிவிடலாமே?

விற்பவர்கள் எல்லாரும் சொல்லும் பாட்டு இது. குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய வீட்டைத் தினவாடகைக்கு விட்டால் உரிமம், வரி, மின்கட்டணம் எல்லாமே மாறும். அனுமதியில்லாத தங்கும் விடுதிகளுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சீல் வைக்கிறார்கள். அது போகட்டும், பக்கத்து வீட்டுக்காரர் விடுவாரா? ராத்திரி ஒரு மணிக்கு ஸ்பீக்கர் வைத்தவர்களால் எங்கள் சங்கக் கூட்டத்தில் நடந்த சண்டையை எழுதினால் அது தனிக் கதை. கூட்டம் வருவதும் ஏப்ரல், மே, தீபாவளி, பொங்கல் விடுமுறைகளில்தான். உங்களுக்கும் அப்போதுதான் போகத் தோன்றும். வருடம் முழுக்க ஒரு ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ வாடகைக்கு விடுவது காசு குறைவு, நிம்மதி அதிகம்.

ஓய்வுக்குப் பிறகு நிரந்தரமாகப் போய்விடலாமா?

ஆஸ்பத்திரியை முதலில் பாருங்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தபின் நிலைமை மாறியிருக்கிறது. குன்னூரிலிருந்து கோயம்புத்தூர் சுமார் 70 கிலோமீட்டர். கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு நூற்றுக்கு மேல், அதில் பாதி மலைப்பாதை. மூட்டு வலிக்காரர்கள் படிக்கட்டை எண்ணிவிட்டு முடிவெடுக்கவும். மலையில் கடைக்குப் போவது இறக்கம், வருவது ஏற்றம், கையில் பையோடு. வாங்குவதற்கு முன் ஆறு மாதம், அதில் மழைக்காலம் வருமாறு, வாடகைக்கு இருந்து பார்த்துவிடுங்கள். என் நண்பர் ஒருவர் அப்படிப் போனார். நாலாவது மாதம் அண்ணா நகருக்குத் திரும்பிவிட்டார். பேச ஆள் இல்லையாம்.

மூணாறு, மணாலி?

இமாச்சலத்தில் 118-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அந்த மாநில விவசாயி அல்லாதவர் நிலம் வாங்க அரசு அனுமதி தேவை. மூணாற்றில் கட்டடத்துக்கு வருவாய்த் துறைத் தடையின்மைச் சான்று தனி. தமிழ்நாட்டுப் பத்திரத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவே நமக்கு மூச்சு வாங்குகிறது.

காட்டு விலங்கு வருமா?

வரும். காட்டெருமை கேட்டுக்கு வெளியே நிற்கும், நீங்கள் உள்ளே நில்லுங்கள். கரடி கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் எண்ணெய் வாசனைக்குச் சமையலறைக் கதவையே உடைக்கும். குரங்கு தினமும். குப்பையை ராத்திரி வெளியே வைக்காதீர்கள்.

மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் வீடு என்ன ஆகும்?

முதல் வருடம் மூன்று மாதம் பூட்டிவிட்டுப் போய்த் திறந்தோம். தோல் செருப்பு பச்சை நிறத்தில் இருந்தது. மெத்தையைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போல. இப்போது அலமாரிக் கதவைத் திறந்தே வைக்கிறோம், மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு வருகிறோம், அரிசி பருப்பு ஒன்றும் விட்டுவைப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் அக்காவிடம் சாவி. வாரம் ஒரு நாள் வெயில் அடிக்கும்போது வந்து ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, மறுபடி மூடும் முன் போனில் கூப்பிட்டு, "சார், இன்னிக்கு நல்ல வெயிலு, நீங்கதான் இல்ல" என்பார்.